உயிரோடு இருந்த பைரோன் சிங்கை ஏன் கொன்றார்கள்?

மணல்காற்று: ‘பார்டர், 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் ராஜஸ்தான் எல்லையில் நடந்த லோங்கேவாலா சண்டையை உள்ளது உள்ளபடி காட்டிய இந்திப் படம்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். காலையிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. சுனில் ஷெட்டி நடித்த பைரோன் சிங் கண்ணிவெடியோடு டாங்கியில் பாய்ந்து சாகிறார், தியேட்டரே அழுகிறது. நிஜ பைரோன் சிங் ராத்தோர் போர் முடிந்து வீடு திரும்பி, சேனா பதக்கமும் வாங்கி, 2022 டிசம்பரில்தான் காலமானார். படம் வந்தது 1997. உயிரோடு இருப்பவர் போட்டோவுக்கு மாலை போட்ட கதை.

இரண்டாம்ஆட்டம்: அந்த ‘ஒருவர்’ நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். 1971 டிசம்பர் 4 ராத்திரி, 23ஆவது பஞ்சாப் பட்டாலியனின் ஒரே ஒரு கம்பெனி, சுமார் 120 பேர், எதிரே 40 டாங்கிகளுக்கு மேல். ஜெய்சல்மேரில் நின்ற நம் விமானப்படையின் ஹண்டர் போர் விமானங்களால் இருட்டில் தாக்க முடியாது, விடியும்வரை நீங்களே சமாளியுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இதெல்லாம் படத்தில் இருக்கிறதா இல்லையா?

மணல்காற்று: இருக்கிறது. பைரோன் சிங் செத்தாரா இல்லையா?

இரண்டாம்ஆட்டம்: சினிமா சார் அது. யாருமே சாகாமல் போர்ப் படம் எடுத்தால் நீங்களே பாதியில் எழுந்து போவீர்கள்.

மணல்காற்று: அந்தச் சண்டையில் நம் பக்கம் இறந்தவர்கள் 2 பேர் என்றுதான் கணக்கு. சாகடிக்க ஆள் வேண்டுமென்றால் கற்பனையாக ஒரு பெயர் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? எதற்கு நிஜப் பெயர்?

முள்கம்பி: இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என்னைக் கேட்டால் அந்த ராத்திரியின் உயிரே முள்கம்பிதான். கம்பியைப் பார்த்ததும் கண்ணிவெடி புதைத்திருக்கிறார்கள் என்று பயந்து பாகிஸ்தான் டாங்கிகள் நின்றுவிட்டன. வெடி எடுக்கும் ஆட்கள் வந்து இருட்டில் மணலைத் துழாவினால், ஒன்றும் இல்லை! அதற்குள் சுமார் 2 மணி நேரம் போய்விட்டது. அதை மட்டும் வைத்தே ஒரு படம் எடுக்கலாம்.

வான்வெளி: கம்பியும் இல்லை, கிம்பியும் இல்லை. விடிந்ததும் ஹண்டர்கள் வந்து திறந்தவெளியில் மாட்டிய டாங்கிகளை ஒவ்வொன்றாக அடித்தன. ஜெயித்தது விமானப்படை, பெயர் வாங்கியது படத்தின் நாயகன் சன்னி தியோல்.

முள்கம்பி: விடியும்வரை அங்கே உட்கார்ந்திருந்தது யார், உங்கள் ஹண்டரா? போன மாதம் டாங்கி விஷயத்தில் தப்பாக எழுதி மாட்டிக்கொண்டவர் நீங்கள், ஞாபகம் இருக்கட்டும்.

வான்வெளி: அது தட்டச்சுப் பிழை என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். எத்தனை முறை தோண்டுவீர்கள்?

மணல்காற்று: ரெண்டு பேரும் வேறு இடத்தில் போய்ச் சண்டை போடுங்கள். நான் கேட்டது பைரோன் சிங்.

இரண்டாம்ஆட்டம்: அண்ணே, அந்தக் கடிதப் பாட்டு 10 நிமிடம் ஓடுகிறது, யுத்த முனையில் யாராவது அவ்வளவு நேரம் பாடுவார்களா? அதைக் கேட்க மாட்டீர்கள். செத்தவரையே பிடித்துத் தொங்குவீர்கள்.

மணல்காற்று: சாகவில்லை என்பதுதான் அய்யா என் பிரச்சினையே! ‘செத்தவர்’ என்று இப்போது நீங்களே எழுதிவிட்டீர்கள், பார்த்தீர்களா?

இரண்டாம்ஆட்டம்: 2022இல் காலமானார் என்று சொன்னது யார், நானா? இந்தப் படத்தை நாளைக்கும் பார்ப்பேன். அந்த இடம் வந்தால் நாளைக்கும் அழுவேன்.

மணல்காற்று: அழுங்கள். யாருக்காக என்று மட்டும் சொல்லிவிட்டு அழுங்கள்.