உங்கள் கவுண்டியின் வளர்ச்சி ஆய்வுக் கூட்டங்களுக்குப் போயிருக்கிறீர்களா? அனுபவம் சொல்லுங்கள்

ஆஷ்பர்ன்வாசி

வீட்டு வரி, பள்ளி எல்லை, காலை நேரத்து டிராஃபிக் என்று நாம் புலம்பாத வாரம் இல்லை. ஆனால் இதில் பாதிக்கு மேல், பல வருடங்களுக்கு முன்பே கவுண்டியின் (அமெரிக்க மாநிலத்தின் உட்பிரிவு, நம்மூர் மாவட்டம் மாதிரி) திட்டத்துறை போட்ட ஏதோ ஓர் ஆய்வறிக்கையில் முடிவாகிவிட்ட சங்கதி. அந்த ஆய்வு நடக்கும்போதே போய் உட்கார்ந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? என்ன பார்த்தீர்கள்?

முதலில் என் கதை. நான் இருப்பது வர்ஜீனியாவின் லவுடன் கவுண்டியில். 1990-இல் இங்கே 86,129 பேர். 2000-இல் 169,599. 2010-இல் 312,311. 2020 கணக்கெடுப்பில் 420,959. முப்பதே வருடத்தில் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. வர்ஜீனியா சட்டப்படி ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு விரிவான வளர்ச்சித் திட்டம் இருந்தாக வேண்டும், ஐந்து வருடத்துக்கு ஒரு தடவையாவது அதை எடுத்துப் பார்க்க வேண்டும். லவுடன் 2016-இல் 'என்விஷன் லவுடன்' என்ற பெயரில் புதுத் திட்டத்துக்கான வேலையைத் தொடங்கி 2019 ஜூனில் நிறைவேற்றியது. அந்தக் கூட்டங்கள் சிலவற்றுக்குப் போனேன்.

மேசைக்கு ஒரு வரைபடம், கை நிறைய ஸ்டிக்கர். எங்கே வீடு வரலாம், எங்கே வரக்கூடாது என்று நாமே ஒட்ட வேண்டும். மேற்கே குதிரைப் பண்ணையும் திராட்சைத் தோட்டமும் வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம், கிழக்கே டவுன்ஹவுஸ்வாசிகள் (வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் இருப்பவர்கள்) ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவே ஒரு பகுதி இருக்கிறது, புறநகருமில்லை கிராமமுமில்லை. அங்கே இன்னும் எத்தனை வீடு விடலாம் என்பதில்தான் உண்மையான சண்டை. மெட்ரோ நிலையங்களைச் சுற்றி அடுக்குமாடி கட்டுவதில் அவ்வளவு சண்டை இல்லை. மெட்ரோ ரயில் 2022 நவம்பரில்தான் எங்கள் ஆஷ்பர்னுக்கு வந்து சேர்ந்தது, ஆனால் எங்கே எத்தனை மாடி என்பதெல்லாம் அதற்கு முன்பே காகிதத்தில் இருந்தது.

எனக்கு அங்கே பிடித்தது ஓர் அட்டவணை. தனி வீட்டுக்குச் சராசரியாக இத்தனை மாணவர், டவுன்ஹவுஸுக்கு இத்தனை, அபார்ட்மென்ட்டுக்கு இத்தனை என்று போட்டிருக்கும். புதுப் பள்ளி எங்கே, எப்போது வேண்டும் என்ற கணக்கு இந்த எண்ணிலிருந்துதான் கிளம்புகிறது. எங்கள் தெரு டவுன்ஹவுஸ்களில் வீட்டுக்கு இரண்டு பிள்ளை. சராசரியிலோ பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்ட வீடுகளும் சேர்ந்து வரும். "புது வீடுகளை மட்டும் தனியாக எடுத்தால் இந்த எண் என்ன ஆகும்?" என்று ஒரு திட்ட அலுவலரிடம் கேட்டேன். மழுப்பவில்லை. கேள்வியைக் குறித்துக்கொண்டு, அந்த எண்ணை எப்படிப் புதுப்பிக்கிறார்கள் என்று பொறுமையாக விளக்கினார்.

இன்னொன்றும் கவனித்தேன். இந்தக் கவுண்டியில் ஐந்தில் ஒருவர் ஆசிய வம்சாவளி. அந்த அறையில் அப்படித் தெரியவே இல்லை.

டல்லாஸ் பக்கம்

அண்ணே, நீங்கள் ஸ்டிக்கராவது ஒட்டினீர்கள். டெக்சாஸில் கவுண்டிக்குப் பொதுவாக ஸோனிங் (எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று வரையறுப்பது) அதிகாரமே கிடையாது. நகர எல்லைக்குள் இருந்தால் நகரம் பார்த்துக்கொள்ளும். எல்லைக்கு வெளியே நிலத்தைப் பிரித்து விற்பது, சாலை, வெள்ள வடிகால் இவற்றில் மட்டும்தான் கவுண்டி கொஞ்சம் கை வைக்க முடியும். இத்தனைக்கும் எங்கள் காலின் கவுண்டியின் மக்கள்தொகை 2010-இல் 782,341, 2020-இல் 1,064,465.

நகரத்துக்கு வெளியே வீடு வாங்கியவர்களுக்கு 'மட்' (MUD, Municipal Utility District) என்ற மூன்றெழுத்து தெரிந்திருக்கும். குடிநீர், கழிவுநீர், சாலை போடக் கடன்பத்திரம் விற்று, அந்தக் கடனை நம் வீட்டு வரியில் வசூலிக்கிற தனி மாவட்டம். முதல் வரி பில் வந்தபோதுதான் என் நண்பன் ஒருவன் அந்தப் பெயரையே கேள்விப்பட்டான். வாங்கும்போது கையெழுத்து போட்ட காகிதக் கட்டில் அது இருந்தது, யார் படிக்கிறார்கள்?

மேரிலாந்து மாமி

மான்ட்கோமரி கவுண்டியில் ரொம்ப காலமாக இருக்கிறேன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் இந்தத் திட்டம் போடுகிற பழக்கம் பழையது. 1964 திட்டத்தில், பெரிய சாலைகளை ஒட்டி நகரம் வளரட்டும், நடுநடுவே பச்சை நிலம் விட்டுவையுங்கள் என்று எழுதினார்கள். 1980-இல் ஒரு படி மேலே போய், கவுண்டியின் மூன்றில் ஒரு பங்கை, ஏறக்குறைய 93,000 ஏக்கரை, விவசாயத்துக்கென்று ஒதுக்கினார்கள். விவசாயிக்கு நஷ்டமாகாதா? அதற்கும் வழி வைத்தார்கள். தன் நிலத்தில் வீடு கட்டும் உரிமையை மட்டும் தனியாக, வேறு இடத்தில் கட்டுகிற பில்டருக்கு விற்றுக்கொள்ளலாம், நிலம் நிலமாகவே இருக்கும். விருந்தாளிகளை ஞாயிற்றுக்கிழமை அந்த நிலங்கள் இருக்கிற பூல்ஸ்வில் பக்கம் காரில் கூட்டிப்போனால், வாஷிங்டனுக்கு இவ்வளவு பக்கத்தில் சோளக்காடா என்று ஆச்சரியப்படுவார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது பள்ளி விஷயம். ஆஷ்பர்ன்வாசி, நீங்கள் கேட்ட கேள்வியை நான் தலைகீழாகக் கேட்பேன். ஒரு பகுதியின் பள்ளிகள் கொள்ளளவில் 120 விழுக்காட்டைத் தாண்டினால், அங்கே புதிதாக வீடு கட்ட அனுமதி தானாகவே நின்றுவிடும் என்று எங்களிடம் ஒரு விதி இருந்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நானும் அதற்குக் கை தட்டியவள்தான். அப்புறம் திட்டத்துறை உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது, கூடுதல் மாணவர்களில் பெரும்பகுதி புதுக் கட்டடங்களிலிருந்து வரவில்லை, பழைய வீடுகள் கைமாறுவதால் வருகிறார்கள் என்று தெரிந்தது.

எங்கள் தெருவையே பாருங்கள். நாங்கள் வந்தபோது சுற்றிலும் ஓய்வுபெற்ற தம்பதிகள். ஒவ்வொருவராக விற்றுவிட்டு ஃப்ளோரிடா போனார்கள். அந்த வீடுகளில் இப்போது சைக்கிளும் கூடைப்பந்து வளையமும். ஒரு செங்கல் புதிதாக வைக்கவில்லை, பள்ளிப் பேருந்து மட்டும் நிரம்பிவிட்டது. அப்படியிருக்க, அடுக்குமாடியைத் தடுத்து என்ன பயன்? 2020-இல் கவுண்டி கவுன்சில் அந்தத் தடையை எடுத்துவிட்டு, நெரிசலான பள்ளிப் பகுதிகளில் கட்டுகிறவர்கள் கூடுதல் தொகை செலுத்த வேண்டும் என்று மாற்றியது.

அடுத்து வந்தது 'த்ரைவ் மான்ட்கோமரி 2050', எங்கள் கவுண்டியின் புது வளர்ச்சித் திட்டம். 2022 அக்டோபரில் நிறைவேறியது. தனி வீடு மட்டுமே இருக்கிற இடங்களிலும் இரட்டை வீடு, மூன்று வீடு சேர்ந்த சின்னக் கட்டடங்களை யோசிக்கலாம் என்று அதில் ஒரு சிபாரிசு. அதற்கு எழுந்த கூச்சல் இருக்கிறதே! கோவிட் காலம், எல்லாம் திரையில்தான். பேசுகிறவர்களுக்கு ஆளுக்குச் சில நிமிடம். "எங்கள் தெருவின் தன்மை போய்விடும்" என்று ஒருவர். அடுத்து ஓர் இளம் செவிலியர், "நான் வேலை பார்க்கும் ஊரில் எனக்கு வீடு இல்லை" என்றார். இருவரும் ஒரே தெரு ஆட்களாகக்கூட இருந்திருக்கலாம். நானும் பேசினேன். இந்தியாவிலிருந்து வந்து கூடவே தங்குகிற பெற்றோருக்கு, அதே மனையில் தனிக் கதவும் தனிச் சமையலறையும் உள்ள சிறு வீடு கட்டுவதை எளிதாக்குங்கள் என்றேன். திரையில் யார் கேட்டார்கள், யார் டீ குடித்தார்கள், கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

ஊர்சுற்றி

எல்லாம் கண்துடைப்பு. பில்டரும் வக்கீலும் முன்பே பேசி முடித்ததற்கு நாம் போய் ஸ்டிக்கர் ஒட்டுகிறோம்.

சாலைக்காரன்

ஊர்சுற்றி, பாதி உண்மை. நான் போக்குவரத்துப் பொறியாளன். பில்டர்களுக்காகவும் கவுண்டிகளுக்காகவும் டிராஃபிக் ஆய்வு எழுதிப் பிழைக்கிறவன். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

தனி வீடு ஒன்றுக்கு ஒரு வாரநாளில் சுமார் 9.4 வாகனப் பயணம். இது போக்குவரத்துப் பொறியாளர் சங்கத்தின் கையேட்டிலிருந்து எடுப்பது, நாடு முழுக்கப் பரவலாக அந்தக் கையேட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். 100 வீடு என்றால் 940-க்கு மேல். இதில் பள்ளி நேரம், ஆபீஸ் நேரம் எவ்வளவு என்று பிரித்து, பக்கத்துச் சந்திப்புகளில் ஏற்கெனவே ஓடுகிற வண்டிகளோடு சேர்த்து, காத்திருக்கும் நொடிகளைக் கணக்கிட்டு, ஏ முதல் எஃப் வரை மதிப்பெண் போடுவோம், எஃப்தான் மோசம். எஃப் வந்தால் பில்டர் சிக்னலோ திரும்பும் பாதையோ போட்டுத்தர வேண்டி வரும்.

ஆக, விஷயம் இருப்பது கடைசி மதிப்பெண்ணில் இல்லை. வண்டிகளை எண்ணியது எந்த நாள்? செவ்வாய், புதன், வியாழன், பள்ளி நடக்கிற வாரம் என்பதுதான் வழக்கம். எந்தச் சந்திப்புகளை எடுத்தார்கள், எவற்றை விட்டார்கள்? பக்கத்தில் அனுமதி கிடைத்து இன்னும் கட்டாத திட்டங்களைச் சேர்த்தார்களா?

ஒரு கூட்டத்தில் (ஊர் பெயர் வேண்டாம்) ஒரு தெலுங்குப் பெரியவர் எழுந்தார். ஒரு வார்த்தை கோபம் இல்லை. அறிக்கையின் பின்னிணைப்பைத் திறந்து, எண்ணிய தேதியை வாசித்தார். பிறகு பள்ளி நாட்காட்டியைத் திறந்து, அந்த வாரம் வசந்த விடுமுறை என்று காட்டினார். உட்கார்ந்துவிட்டார். மறுபடி எண்ணச் சொல்லி அந்த விண்ணப்பத்தைத் தள்ளிவைத்தார்கள். அதற்கு முன்னால் அதே சாலையைப் பற்றி நெஞ்சுருகப் பேசியவர்கள் பலர் இருந்தார்கள். அவர்கள் பேச்சை யாரும் மறுக்கவும் இல்லை, பயன்படுத்தவும் இல்லை.

கோயில் கணக்கு

சாலைக்காரன் சொன்னதற்கு ஒரு பின்குறிப்பு. எங்கள் ஊரில் கோயில் கட்ட அனுமதி கேட்டபோது பார்க்கிங் கணக்கில் மாட்டிக்கொண்டோம். வழிபாட்டு இடம் என்றால் இத்தனை இருக்கைக்கு ஒரு கார் நிறுத்தும் இடம் என்று விதி. நம் கோயிலில் இருக்கை ஏது? "உங்கள் மண்டபத்தில் எத்தனை இருக்கைகள்?" என்று கேட்டார்கள். "பூஜ்யம்" என்று எழுதலாமா என்று எங்கள் பொருளாளருக்கு ஆசை. கடைசியில் சதுர அடிக் கணக்குக்கு மாற்றினோம்.

அடுத்த சிக்கல் கூட்டம் வரும் நேரம். தேவாலயம் போல ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் கலைவதில்லை, நாள் முழுக்க வந்து போகிறார்கள், ஆனால் தீபாவளி, வைகுண்ட ஏகாதசி அன்று ஊரே வரும் என்று விளக்க வேண்டியிருந்தது. திருவிழா நாட்களுக்குப் பக்கத்துப் பள்ளியின் பார்க்கிங்கும் ஷட்டில் வண்டியும் என்று எழுதிக் கொடுத்தோம். அக்கம்பக்கத்தார் சிலர் அதற்குப் பிறகுதான் தணிந்தார்கள். அவர்களில் ஒருவர் இப்போது கேன்டீன் தோசைக்கு வாடிக்கையாளர்.

எடிசன் மகள்

நியூ ஜெர்சியில் நில உபயோகமெல்லாம் பெரும்பாலும் டவுன்ஷிப் கையில். கவுண்டிக்குச் சாலைகள், பூங்காக்கள், முதியோர் சேவை மாதிரி விஷயங்கள். 1965-இல் வந்த முதியோர் சட்டத்தின்படி அந்தந்தப் பகுதிக்கு முதியோர் சேவைத் திட்டம் போட வேண்டும், அதற்குத் தேவை என்ன என்று விசாரிக்கிறார்கள். அப்படி ஒரு கேள்வித்தாள் என் அம்மாவுக்கு வந்தது. எந்தக் கவுண்டி என்று கேட்காதீர்கள்.

"மருத்துவரிடம் எப்படிப் போகிறீர்கள்?" அம்மா சொன்ன பதில்: "மாப்பிள்ளை கூட்டிப்போவார்." "வாரத்தில் எத்தனை நாள் தனியாகச் சாப்பிடுகிறீர்கள்?" "ஏன் தனியாகச் சாப்பிட வேண்டும்? எல்லாரும் இருக்கிறார்களே." இப்படியே போனது. தாளை மூடும்போது பார்த்தால், போக்குவரத்துப் பிரச்சினை இல்லை, தனிமை இல்லை, உதவி தேவையில்லை. காகிதத்தில் அம்மா இந்த நாட்டிலேயே சந்தோஷமான மனுஷி.

நிஜத்தில், நாங்கள் இருவரும் வேலைக்குப் போனால் காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை அவர் வீட்டுக்குள்தான். மாப்பிள்ளை விடுப்பு எடுக்கும் நாளுக்குத்தான் மருத்துவர். முதியோர் மையம் பக்கத்திலேயே இருக்கிறது, நடந்தே போகலாம், ஆனால் நடைபாதை பாதியில் நின்றுவிடுகிறது. மீதி தூரம் வண்டிகள் பறக்கிற சாலையின் ஓரம். இதைக் கேட்க அந்தத் தாளில் கட்டமே இல்லை.

பொதுக்கூட்டம் ஒன்று அறிவித்தார்கள், அம்மாவையும் கூட்டிப்போனேன். தமிழில்தான் பேசினார், நான் மொழிபெயர்த்தேன். "மாப்பிள்ளையிடம் கேட்காமல் நானே நூலகத்துக்குப் போக வேண்டும். அவ்வளவுதான்." குறிப்பெடுத்த பெண், "உங்களை மாதிரி இன்னும் எத்தனை பேர் உங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டார். அம்மா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார், இரண்டு கையும் போதவில்லை. அடுத்து வந்த கேள்வித்தாளில் "குடும்பத்தார் இல்லாத நேரத்தில் எப்படிப் போவீர்கள்?" என்று தனியாக ஒரு கேள்வி இருந்தது. அம்மா சொன்னதால்தானா, தெரியாது. நடைபாதை இன்னும் அங்கேயே நிற்கிறது.

டல்லாஸ் பக்கம்

அம்மாவுக்கு வணக்கம் சொல்லுங்கள். ஆஷ்பர்ன் அண்ணே, உங்கள் ஊர் என்றாலே டேட்டா சென்டர் (இணையத் தகவல்களைச் சேமித்து இயக்கும் பெரிய கணினிக் கிடங்கு)தானே. அதைப் பற்றி ஒரு வார்த்தை காணோம்?

ஆஷ்பர்ன்வாசி

வேண்டுமென்றேதான் விட்டேன், ஆரம்பித்தால் நிற்காது. சுருக்கமாக: உலகிலேயே அதிக அளவில் அவை குவிந்திருக்கும் இடம் எங்கள் ஊர். கணினிக் கருவிகள் மீது அவை கட்டும் வரி கவுண்டிக்குப் பெரிய வருமானம். வீட்டு வரி 2025-இல் நூறு டாலர் மதிப்புக்கு 80.5 சென்ட் என்று இறங்கியதில் அதற்குப் பெரிய பங்கு. ஆனால் நீண்ட காலமாக, பல ஸோனிங் பகுதிகளில் கவுண்டியை ஆளும் வாரியத்திடம் வந்து கேட்காமலே கட்டிவிடலாம் என்று இருந்தது. பொது விசாரணையே கிடையாது, எனவே எங்கே போய் ஆட்சேபிப்பது? ஜன்னலைத் திறந்தால் குளிரூட்டிகளின் இரைச்சல், வீடுகளுக்குப் பக்கத்தில் மின்கோபுரம் என்று மக்கள் கத்தியபின், 2025 மார்ச்சில் வாரியம் அந்தச் சலுகையை எடுத்தது. இனி புது விண்ணப்பங்கள் விசாரணைக்கு வந்தாக வேண்டும். ஏற்கெனவே அனுமதி வாங்கியவை வரிசையில் நிற்கின்றன.

மாமி, கைமாறும் வீடுகள் பற்றி நீங்கள் சொன்னது எனக்குப் புதுசு. எங்கள் பக்கம் வீடுகள் புதுசு என்பதால் இன்னும் அது தெரியவில்லை. 1990-களில் கட்டிய பகுதிகளின் பள்ளி எண்களை எடுத்துப் பார்க்கிறேன். சாலைக்காரன், பின்னிணைப்பு இணையத்தில் தனியாக ஏற்றியிருப்பார்களா, இல்லை கேட்டு வாங்க வேண்டுமா?

சாலைக்காரன்

பெரும்பாலும் விண்ணப்பக் கோப்போடேயே இருக்கும், கடைசி பிடிஎஃப். இல்லையென்றால் அந்த விண்ணப்பத்தைக் கவனிக்கிற திட்ட அலுவலருக்கு மின்னஞ்சல் போடுங்கள், அனுப்புவார்கள். விசாரணைத் தேதிக்கு முந்தின நாள் கேட்காதீர்கள். அவர்களுக்குப் படிக்க நேரம் இருக்கும்போது கேட்டால்தான் அறிக்கையில் அது ஏறும்.

ஊர்சுற்றி

சரி, சரி. எங்கள் ஊரில் பூங்கா ஆய்வு நடக்கிறதாம். கிரிக்கெட் மைதானம் கேட்கலாமா? பேஸ்பால் ஆட்கள் அடிக்க வருவார்களா?

மேரிலாந்து மாமி

தாராளமாகக் கேளுங்கள். எத்தனை அணி, வாரத்துக்கு எத்தனை ஆட்டம், இப்போது எங்கே போய் ஆடுகிறீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். லவுடனில் ஹான்சன் பூங்காவில் கிரிக்கெட் மைதானமே இருக்கிறது. கண்துடைப்பு என்றவர் நீங்கள்தானே, போய்விட்டு வந்து இங்கே எழுதுங்கள்.