சட்டைப் பை நோட்டு வியர்வையில் ஊறுகிறது, தாளும் கழன்று விழுகிறது. எதை வாங்கலாம்?

வயரிங் தம்பி, திருச்சி

எல்லோருக்கும் வணக்கம். வீட்டு வயரிங் வேலை பார்க்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று சைட் போவேன். எந்த அறையில் எத்தனை பாயிண்ட், ஸ்விட்ச் போர்டு தரையிலிருந்து எத்தனை அடி, கடையில் என்ன வாங்க வேண்டும், யார் எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தார்கள், எல்லாமே சட்டைப் பையில் இருக்கும் குட்டி நோட்டில்தான். போனில் எழுதச் சொல்லாதீர்கள். சுவர் வெட்டிய தூசிக் கையோடு தொட்டால் அது என் விரலையே அடையாளம் தெரியாது என்கிறது.

முதல் தொல்லை வியர்வை. மதியத்துக்குள் பை நனைந்து நோட்டின் ஓரம் ஊறிவிடும். ஜெல் பேனாவில் எழுதியது படர்ந்துபோகும். போன வாரம் 2.5 எம்எம் வயர் 4 காயில் என்று எழுதியிருந்தேன். கடையில் எடுத்துப் பார்த்தால் அது 4-ஆ, 1-ஆ என்று சொல்ல முடியவில்லை. 1 வாங்கி வந்து, மறுபடி போய் 3 வாங்கினேன். பெட்ரோல் என் செலவு.

அடுத்தது, தாள் கழன்று விழுவது. மேலே கோந்து போட்டு ஒட்டிய பேடு அது. ஒரு மாடி வீட்டு அளவு முழுக்க இருந்த தாள் எங்கே போனது என்றே தெரியவில்லை. அப்புறம், எழுதியது இருந்தாலும் தேட வேண்டிய நேரத்தில் கையில் சிக்குவதில்லை.

என் பை 11 செ.மீ. அகலம், 13 செ.மீ. ஆழம். ஏ6 நோட்டு வாங்கினேன், குனிந்தால் கீழே விழுகிறது. 600 ரூபாய்க்குத் தோல் அட்டை நோட்டு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

ஊசிநூல்

வேண்டாம் தம்பி. 600 ரூபாய் நோட்டில் யாரும் வயர் கணக்கு எழுதமாட்டார்கள். முதல் பக்கத்தை அழகாக எழுதிவிட்டு பீரோவில் வைப்பார்கள். நான் பைண்டிங் வேலைக்காரன், நிறையப் பார்த்தாச்சு.

ஏ6 என்பது 105 × 148 மி.மீ. உங்கள் பையை விட்டு ஏறக்குறைய 2 செ.மீ. தலை நீட்டும், விழாமல் என்ன செய்யும்? உங்களுக்கு ஏ7 போதும். 74 × 105 மி.மீ., பைக்குள் முழுதாக இறங்கிவிடும்.

தாள் கழல்வதற்குக் காரணம் கோந்து. சூடும் ஈரமும் பட்டு, நீங்கள் குனிந்து நிமிரும்போதெல்லாம் வளைந்தால் எந்த ஒட்டும் விட்டுவிடும். நடுவில் தைத்த நோட்டாகப் பாருங்கள். ஸ்டேப்ளர் பின் அடித்த நோட்டும் தாங்கும், ஆனால் வியர்வையில் பின் துருப்பிடித்துத் தாளை அரிக்கும். நூல்தான் நல்லது.

நீங்களே செய்யலாம். 4 ஏ4 தாள், ஒவ்வொன்றையும் நான்காக வெட்டினால் 16 துண்டு. மொத்தமாக அடுக்கி நடுவில் மடித்தால் 64 பக்கம் வந்துவிடும். 80 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம் தாள் என்றால் எடை 20 கிராம்தான். மடிப்பில் மூன்று ஓட்டை போடுங்கள். உள்ளிருந்து நடு ஓட்டை வழியாக ஊசியை வெளியே விட்டு, மேல் ஓட்டையில் உள்ளே வாங்கி, நடுவைத் தாண்டிக் கீழ் ஓட்டையில் வெளியே எடுத்து, திரும்ப நடு ஓட்டையில் உள்ளே கொண்டுவாருங்கள். உள்ளே நீளமாக ஓடும் நூலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு நுனி வரும்படி வைத்து முடிச்சுப் போட்டால் அசையாது. ஏ4 தாளில் நார் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும், இந்த மடிப்பு அதற்குக் குறுக்கே விழுவதால் நோட்டு கொஞ்சம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ஒரு ராத்திரி கனமான எதற்காவது அடியில் வைத்தால் படிந்துவிடும்.

மழைக்கால டீ

இவ்வளவு எதற்கு? சின்ன ஸ்பைரல் நோட்டு வாங்குங்கள். பின்னால் மடக்கி ஒரு கையிலேயே எழுதலாம்.

மூத்த லைன்மேன்

டீ அண்ணே, நீங்கள் வயரிங் வேலை இல்லை போலிருக்கிறது. ஸ்பைரல் என்பது சுருட்டிய கம்பி. திறந்து கிடக்கும் டிபி பாக்ஸ், அதாவது வீட்டுக்குக் கரண்ட் பிரிந்து போகும் பெட்டி மேல் குனியும்போது சட்டைப் பையிலிருந்து கம்பி நழுவி விழுந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எங்கள் ஆட்களை மேல் பையில் எந்த உலோகமும் வைக்க விடமாட்டேன், கிளிப் போட்ட பேனா உட்பட. பிளாஸ்டிக் ஸ்பைரல் என்றால் சரி, ஆனால் அது பையில் மாட்டிக்கொண்டு எடுக்கவே வராது.

மழைக்கால டீ

நான் எல்ஐசி ஏஜென்ட் அண்ணே. வாபஸ்.

நீலமை

நோட்டை விடுங்கள், முதலில் பேனாவை மாற்றுங்கள். ஜெல் மை தண்ணீரில் கலந்தது. அதில் சாயம் போட்ட வகை ஈரம் பட்டால் மறுபடி கரையும். சாதாரண பால்பாயிண்ட் மை எண்ணெய்ப் பசை உள்ளது, தண்ணீரில் கரையாது. வீட்டில் ஒரே தாளில் இரண்டாலும் எழுதி ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், அப்புறம் ஜெல் பேனா வாங்கவே மாட்டீர்கள்.

பால் பேனாவுக்கும் ஒரு குறை உண்டு. சுவரில் நோட்டை வைத்து, பேனா முனை மேலே பார்க்க எழுதினால் கொஞ்ச நேரத்தில் மை நின்றுவிடும், அது கீழ்நோக்கி இறங்கித்தான் வர வேண்டும். ஈரத் தாளிலும் உருளை வழுக்கும். ஏணி மேல் எழுத எச்பி பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பட்டாலும் எழுத்து நிற்கும். 2பி வேண்டாம், மென்மையாக இருப்பதால் எதிர்ப் பக்கமெல்லாம் கரி அப்பும்.

மூத்த லைன்மேன்

பென்சில் கரியிலும் கரண்ட் பாயும், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். போர்டைத் திறந்தால் பென்சில் டூல் பைக்குப் போய்விட வேண்டும்.

வயரிங் தம்பி, திருச்சி

சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். ஜெல் எழுத்து ஒரு நிமிடத்தில் நீலக் குளம், பால் பேனா எழுத்து அப்படியே இருக்கிறது. இத்தனை நாள் நோட்டுக் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் தாள் ஊறுவது நிற்கவில்லையே? ஜிப் கவரில் போட்டால் ஒவ்வொரு தடவையும் திறந்து மூடப் பொறுமை இல்லை.

ஊசிநூல்

கழுவிக் காயவைத்த பால் கவர் போதும். உடம்பைப் பார்க்கும் பக்கத்து அட்டைக்கு மட்டும் ஒட்டி, ஓரத்தை உள்ளே மடித்துவிடுங்கள். வியர்வை அந்தப் பக்கத்திலிருந்துதானே வருகிறது.

கணக்கு டீச்சர்

தேடுவதற்கு என் வழி. முன்பக்கமிருந்து வேலை, பின்பக்கமிருந்து பணம். இரண்டும் நடுவில் சந்தித்தால் நோட்டு முடிந்தது. ஒரு சைட்டுக்கு ஒரு பக்கம்தான், பாதி காலியாக இருந்தாலும் அடுத்த வீட்டை அதில் எழுதக் கூடாது. இதில் கஞ்சத்தனம் பார்த்தால் மாட்டிக்கொள்வீர்கள். வேலை முடிந்த பக்கத்தின் கீழ் மூலையைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். கட்டைவிரலால் மூலையைத் தள்ளினால் முடியாத வேலை தானாகத் திறக்கும். 4, 1 குழப்பத்துக்கு, எண் பக்கத்திலேயே "நாலு" என்று எழுத்தாலும் எழுதுங்கள் தம்பி. செக்கில் எழுதுகிறோம் இல்லையா?

வயரிங் தம்பி, திருச்சி

மூன்று வாரம் ஆச்சு. இரண்டு நோட்டு தைத்தேன். முதலாவது கோணல், இரண்டாவது பரவாயில்லை. தாள் ஒன்றுகூடக் கழலவில்லை. மூலை கிள்ளுவதுதான் இதில் பெரிய லாபம், ஒரு வீட்டில் பாக்கி இருந்த காலிங் பெல் பாயிண்ட் அதனால்தான் ஞாபகம் வந்தது. டீச்சருக்கு நன்றி.

முடிந்த நோட்டுகளை ரப்பர் பேண்டு போட்டுச் சேர்த்து வைக்கிறேன். சரிதானே?

ஊசிநூல்

ரப்பர் வேண்டாம், ஒரு கோடை போனால் உருகி அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். தைத்து மிச்சமான நூலாலேயே கட்டுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று அட்டையில் எழுதிவிட்டுக் கட்டுங்கள்.