கொருக்குப்பேட்டையில் எண்ணிய கிராமத்து ஆட்கள்

கிராமத்து மக்கள்தொகை பற்றி அனுபவம் இருந்தால் எழுதச் சொல்லியிருந்தீர்கள். நான் கிராமத்தில் கணக்கெடுத்தவள் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எனக்கு ஒதுக்கியது சென்னை கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். ஆனால் ஒரு கிராமத்தின் ஆள்கணக்கு எங்கே நழுவுகிறது என்பதை அங்கேதான் பார்த்தேன்.

பிப்ரவரி 9 முதல் 28 வரை பகலில் பள்ளிக்கூடம், சாயங்காலம் வீடு வீடாக. ஒரு சந்தில் ஏழு வீடுகள். ஏழும் செஞ்சிப் பக்கத்து ஒரே ஊர்க்காரர்கள். முதல் வீட்டு அண்ணன் வாசலிலேயே நிறுத்திவிட்டார். "எங்களுக்கு வேணாம் டீச்சர், போன வருசமே ஊர்ல வூட்டுச் சுவத்துல நம்பர் போட்டு எழுதிக்கினு போய்ட்டாங்க."

அவர் சொன்னது உண்மைதான். 2010-இல் நடந்தது வீடுகளின் பட்டியல். கூரை என்ன, தண்ணீர் எங்கிருந்து, கழிப்பறை உண்டா என்று கேட்டது அப்போது. ஆளை எண்ணுவது இப்போதுதான். இந்த இருபது நாளும் ஊருக்கே போகாமல் இங்கே இருப்பவரை இங்கேதான் எழுத வேண்டும், ரேஷன் கார்டும் ஓட்டும் ஊரில் இருந்தாலும் சரி. ஊரில் பூட்டிய வீட்டைப் பார்த்து அங்கே எழுத மாட்டார்கள். நானும் விட்டுவிட்டால் ஏழு குடும்பமும் எந்தக் கணக்கிலும் இல்லை. அண்ணனுக்கு வேறு கவலை: "அப்போ எங்க ஊருக்கு ஆள் கொறஞ்சிடுமே?" குறையும்தான். பஞ்சாயத்துக்கு வரும் நிதி, வார்டு ஒதுக்கீடு எல்லாவற்றுக்கும் இந்த எண்தான் அடிப்படை. அவருக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் உட்காரச் சொன்னார்.

அவர் மனைவியிடம் வேலை பற்றிக் கேட்டேன். "சும்மாத்தான் இருக்கேன்" என்றார். கையைப் பார்த்தேன். இறால் உரித்து உரித்து நகக்கண்ணெல்லாம் வெடித்திருந்தது. துருவிக் கேட்டதும் அதைச் சொன்னார், அப்புறம் நடவுக்கும் மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கவும் ஊருக்குப் போய் வருவதையும் சொன்னார். வருசத்தில் ஆறு மாதத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கும் படிவத்தில் இடம் உண்டு. கேட்கிறவர் மெனக்கெட வேண்டும், அவ்வளவுதான். கிராமத்து அட்டவணைகளில் பெண்களின் உழைப்பு குறைவாகத் தெரிவதற்கு இந்தச் "சும்மாத்தான்" ஒரு பெரிய காரணம் என்றே நம்புகிறேன்.

கடைசி வீட்டு ஆயாவுக்கு வயசு தெரியவில்லை. "அண்ணா செத்தப்போ என் மூத்தவன் கைப்புள்ள" என்றார். அறிஞர் அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி. பதினாறில் கல்யாணம், அடுத்த வருசமே பிள்ளை. கூட்டிப் பார்த்து 60 என்று எழுதினேன். வயது அட்டவணையில் 60, 65 என்று ஆட்கள் குவிந்து நிற்பது இப்படித்தான்.

அந்தக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 7.21 கோடிப் பேர், கிராமங்களில் பாதிக்குச் சற்றே மேல். அந்தச் சந்து நகரத்துப் பக்கம் சேர்ந்தது. ஏழு வீட்டுக்காரர்களும் பொங்கலுக்கும் ஓட்டுப் போடவும் ஊருக்குத்தான் போனார்கள்.

2021-இல் நடக்க வேண்டியது தள்ளிப் போய், அடுத்த கணக்கு 2027 மார்ச் 1-ஐ வைத்து. உங்கள் தெருவில் வெளியூர்க்காரர்கள் இருந்தால், "ஊர்ல எழுதிட்டாங்க" என்று கணக்கெடுக்க வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.