புது ரியாக்டிவ் பந்து இப்போது திரும்புவதில்லை: உப்புத்தாள் போடலாமா, பாலிஷ் போடலாமா?

குடியாத்தம் பையன்:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் குடியாத்தம், வேலை பெங்களூரில். டென்பின் பவுலிங்குக்கு (பந்தை உருட்டிப் பத்துப் பின்களைத் தள்ளும் ஆட்டம்) புதுசு, வலது கை. இவ்வளவு நாள் பவுலிங் சென்டரில் கிடக்கும் பந்தையே எடுத்து ஆடிக்கொண்டிருந்தேன். பிறகு ஆசைப்பட்டு, என் விரலுக்கு அளவெடுத்துத் துளை போட்ட 14 பவுண்டு ரியாக்டிவ் பந்து (லேனில், அதாவது பந்து ஓடும் பாதையில், பிடித்து வளைந்து திரும்பும் வகை) வாங்கினேன். புதிதில் கடைசி இருபது அடியில் அழகாக இடப்பக்கம் திரும்பி 1-3 இடுக்கில் (1-ஆம், 3-ஆம் பின்களுக்கு நடுவே) போய் இறங்கும். இப்போது அதே இடத்தில் நின்று, லேனில் அதே அம்புக்குறியைப் பார்த்து விட்டாலும் வலது பக்கமே ஒதுங்கிப் போய் 3-ஆம் பின்னை அடிக்கிறது. ஊரில் கார் பெயிண்ட் வேலை செய்யும் நண்பன், “220 வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டு நல்லா ஒரு தேய் தேய்ச்சா பிடிக்கும்” என்கிறான். உடன் ஆடுகிறவரோ பாலிஷ் போடச் சொல்கிறார். காசு சேர்த்து வாங்கிய பந்து, வீணாகிவிடக் கூடாது. யார் பேச்சைக் கேட்பது?

காட்பாடி ஜங்ஷன்:

தம்பி, இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் பந்தைக் கழுவுங்கள்.

ரியாக்டிவ் பந்தின் மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. லேனில் பூசியிருக்கும் ஆயிலை அது குடித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் அது திரும்புகிறது, அதனால்தான் நாளாக ஆக மந்தமாகவும் ஆகிறது. சென்டரில் கிடக்கும் பாலியஸ்டர் பந்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது குடிப்பதும் இல்லை, அவ்வளவாகத் திரும்புவதும் இல்லை.

ஒவ்வொரு முறை ஆடி முடித்ததும், பந்து சூடு ஆறுவதற்குள், மைக்ரோஃபைபர் துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு முழுக்கத் துடையுங்கள். மருந்துக் கடையிலேயே கிடைக்கும். வீட்டுக்குப் போய்த் துடைத்துக்கொள்ளலாம் என்று பைக்குள் போட்டால் ஆயில் உள்ளே இறங்கிவிடும். ஏற்கெனவே இறங்கியதை எடுக்க, விரல் துளைகளை டேப் போட்டு அடைத்துவிட்டு, கை தாங்கும் சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு விட்டு, பக்கெட்டில் இருபது நிமிடம் மூழ்க வையுங்கள். மே மாதம் என்றால் நம் பக்கத்து மாடித் தொட்டித் தண்ணீரே அந்தச் சூட்டில்தான் வரும். கொதிநீர் ஊற்றவே கூடாது. வெயிலில் வைத்தால் ஆயில் கசியும் என்று சிலர் சொல்வார்கள், வேலூர் வெயிலில் அதைச் செய்யாதீர்கள். கத்திரி நாளில் கார் டிக்கியில் பூட்டி வைத்தாலே பந்து விரிசல் விடும்.

கழுவிய பிறகும் திரும்பவில்லை என்றால் மேற்பரப்பைப் பார்க்கலாம். ஃபவுல் லைனிலிருந்து (பந்தை விடும்போது தாண்டக் கூடாத கோடு) தலைப் பின், அதாவது 1-ஆம் பின் வரை 60 அடி. வழக்கமான ஹவுஸ் பேட்டர்னில் (சென்டர்களில் அன்றாடம் ஆயில் பூசும் முறை) ஏறக்குறைய 40 அடி வரை ஆயில் இருக்கும், நடுவில் கெட்டியாக, ஓரங்களில் லேசாக. பந்து சொரசொரப்பாக இருந்தால் ஆயிலுக்குள்ளேயே பிடிமானம் தேடிக்கொண்டு சீக்கிரம் திரும்ப ஆரம்பிக்கும். ஆனால் பின்னைத் தொடும்போது தெம்பு போயிருக்கும். பாலிஷ் போட்டால் முன்பக்கம் வழுக்கிக்கொண்டு போய் உலர்ந்த இடத்தில் வெடுக்கென்று திரும்பும். அதனால் பளபளப்பு குறைவாகத் திரும்பும், சொரசொரப்பு அதிகமாகத் திரும்பும் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். எங்கே திரும்பத் தொடங்குகிறது என்பதுதான் கேள்வி. உங்களைப் போலப் புதிதாக ஆடுகிறவருக்கு வேகம் ஒரு பந்துக்கு ஒரு பந்து மாறும். பாலிஷ் போட்ட பந்து அந்த வித்தியாசத்தை இன்னும் பெரிதாக்கிக் காட்டும். லேசான சொரசொரப்பு மன்னித்துவிடும். ஆகவே பாலிஷ் உங்களுக்கு இப்போது ஆகாது.

இன்னொன்று. எதுவும் தேய்க்காமலே, லேனில் ஓடி ஓடியே மேற்பரப்பு மழுங்கும். 1000 கிரிட்டில் (கிரிட் என்பது தேய்க்கும் தாளின் எண், எண் கூடக் கூட வழவழப்பு) வந்த பந்து சில ஆட்டங்களுக்குள் அதைவிட வழவழப்பாகிவிடும். உங்கள் பந்து கடையிலிருந்து எந்த கிரிட்டில் வந்தது? பந்து கம்பெனியின் தளத்தில் போட்டிருப்பார்கள். அதற்கே திருப்பிக் கொண்டுவருவதுதான் முதல் வேலை.

ராணிப்பேட்டை பஃபிங்:

காட்பாடி அண்ணன் சொன்னதுதான் சரி. நான் தோல் ஃபினிஷிங்கில் இருக்கிறேன், பவுலிங்கும் ஆடுவேன், அதனால் தாள் விஷயம் மட்டும் சொல்கிறேன்.

220 போட்டால் விழும் கீறல் அவ்வளவு ஆழமாக இருக்கும். அதை எடுக்க இன்னும் எவ்வளவோ தேய்க்க வேண்டி வரும். எங்களிடம் தோலை பஃப் செய்யும்போதும் இதே கதை: முரட்டுத் தாளிலிருந்து மெல்லியதற்கு நடுவில் ஒரு படி விட்டால், பழைய கீறல் சாயம் ஏறிய பிறகு பல்லைக் காட்டும். நுரை முதுகு வைத்த அப்ராலன் என்னும் தேய்க்கும் பேட் 500, 1000, 2000, 4000 என்று வரும். அதையே வாங்குங்கள். நுரை இருப்பதால் உருண்டைக்கு ஏற்றபடி வளைந்து கொடுக்கும், தட்டைத் தாள் அங்கங்கே அழுத்தி மேடு பள்ளம் ஆக்கும். எண்ணுக்கு முன்னால் ‘பி’ போட்ட தாளும் போடாத தாளும் ஒரே அளவு கிடையாது என்பதையும் கவனியுங்கள்.

2000 வேண்டுமென்றால் நேராக 2000 போடாமல், 500 அல்லது 1000 அடித்தளம் போட்டு அதன்மேல் 2000 போடுங்கள். அடியில் இருப்பது எது என்பதைப் பொறுத்துப் பந்து ஓடும் விதமே மாறும்.

வேலப்பாடி அக்கா:

தம்பி, பந்தைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள். கட்டைவிரல் துளை எப்படி இருக்கிறது? வெயிலில் அலைந்துவிட்டு வந்து அளவு கொடுத்திருந்தால் விரல் வீங்கியிருக்கும். ஏசி ஹாலில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் சுருங்கிவிடும். அப்போது துளை தளர்வாகி, பந்து நழுவிவிடுமோ என்று நம்மை அறியாமல் இறுக்கிப் பிடிப்போம். இறுக்கிப் பிடித்தால் கட்டைவிரல் முதலில் வெளியே வராது, மற்ற இரண்டு விரலாலும் சுழற்சி கொடுக்க முடியாது, பந்து நேராகப் போகும். நான் சொல்லிக்கொடுக்கும் பெண் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இதுதான். துளைக்குள் ஒட்டுவதற்கென்றே டேப் விற்கிறது. ஒரு துண்டு ஒட்டிப் பாருங்கள், போதவில்லையா, இன்னொன்று ஒட்டுங்கள்.

குடியாத்தம் பையன்:

அக்கா, நேரில் பார்த்த மாதிரி சொன்னீர்கள். துளை தளர்வுதான். இரண்டு டேப் ஒட்டினேன், பிடி தானாகவே இளகியது. பந்தையும் கழுவினேன், தண்ணீரில் மஞ்சளாக ஆயில் மிதந்தது. திரும்புகிறது, ஆனால் புதிதில் இருந்த அளவு இல்லை. கம்பெனி தளத்தில் 2000 என்று இருக்கிறது. கையால் தேய்க்கலாமா? போட்டிக்கு நடுவில் ஆயில் காய்ந்தால் அங்கேயே பேட் போடலாமா?

காட்பாடி ஜங்ஷன்:

கையால் தேய்க்கலாம். பந்தையும் பேடையும் நனைத்துக்கொண்டு, பந்தை ஆறு பக்கமாக மனதில் பிரித்து ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே நேரம், ஒரே அழுத்தம். கடிகாரம் பார்த்துச் செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் அதிகம் தேய்த்தால் ஓட்டம் நம்ப முடியாததாகிவிடும். ராணிப்பேட்டைக்காரர் சொன்னபடி 1000, பிறகு 2000. நடுவில் தூளை அலசிவிடுங்கள். என்ன செய்தீர்கள், எந்தத் தேதி என்று ஒரு நோட்டில் எழுதுங்கள்.

போட்டி தொடங்கிவிட்டால் பேடைத் தொடக் கூடாது. யுஎஸ்பிசி (அமெரிக்க பவுலிங் அமைப்பு) விதிப்படி ஆட்டத்துக்கு நடுவில் பந்தின் மேற்பரப்பைத் தேய்த்து மாற்றுவது தவறு. உலர்ந்த துணியால் துடைத்துக்கொள்ளலாம். நடுவில் ஆயில் காய்ந்து பந்து இடது பக்கம் அதிகமாகப் போனால் நீங்கள்தான் நகர வேண்டும்: கால் இடப்பக்கம் இரண்டு பலகை (தரையில் நீளவாக்கில் தெரியும் பட்டைகள்), பார்க்கும் குறி இடப்பக்கம் ஒரு பலகை. பந்து எந்தப் பக்கம் தப்புகிறதோ அந்தப் பக்கம் கால் நகரும், அவ்வளவுதான்.

அப்புறம், சென்டரில் கிடக்கும் அந்த பாலியஸ்டர் பந்தை விட்டுவிடாதீர்கள். 10-ஆம் பின் ஓரத்தில் தனியாக நிற்கும்போது திரும்பும் பந்து ஆபத்து, நேராகப் போகும் பந்துதான் அதற்கு. ஒரு ஸ்ட்ரைக் (முதல் பந்திலேயே பத்தும் விழுவது) கூட இல்லாமல், பத்து ஃபிரேமிலும் (ஆட்டத்தின் சுற்றுகள்) முதல் பந்தில் ஒன்பதும், அடுத்த பந்தில் மிச்சத்தை எடுத்து ஸ்பேரும், கடைசிப் பந்தில் ஒன்பதும் எடுத்தால் 190 வரும். அடுத்த வாரம் ஆடும்போது மொத்த ஸ்கோரை விடுங்கள், தனியாக நின்ற பின்களில் எத்தனையை எடுத்தீர்கள், எத்தனையை விட்டீர்கள் என்று மட்டும் குறித்து இங்கே போடுங்கள், பார்க்கலாம்.