படகின் ஸ்டியரிங் சக்கரத்துக்குப் பின்னால் உயரமான இருக்கை: எவ்வளவு உயரம் வைப்பது?

லுமுட் வாத்தியார் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுடையது 36 அடி பாய்மரப் படகு. ஃபைபர்கிளாஸ், வயது முப்பதுக்கு மேல். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, நானும் மனைவியும் வருஷத்துக்கு இரண்டு முறையாவது பினாங்கு வழியாக லங்காவி போய் வருகிறோம். பினாங்கிலிருந்து லங்காவி சுமார் 60 கடல் மைல். ஐந்து நாட் (மணிக்கு ஐந்து கடல் மைல்) வேகத்தில் பன்னிரண்டு மணி நேரம். ஆட்டோபைலட் இருக்கிறது, ஆனால் மலாக்கா நீரிணையில் அதை நம்பி உட்கார முடியாது. வலை மிதவைகள், கொடி கட்டிய மூங்கில்கள், மழைக்குப் பின் ஆற்றிலிருந்து அடித்து வரும் மரக்கட்டைகள் என்று யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பாயும் நங்கூரமும் என் வேலை, சக்கரம் அவள் வேலை. என்னைவிட நன்றாகப் பிடிப்பாள். ஆனால் உயரம் 152 செ.மீ.தான். நின்றால் ஸ்ப்ரேஹூட் துணிக் கூரைக்கு மேல் மட்டுமட்டாகத் தெரிகிறது. உட்கார்ந்தால் அதன் பிளாஸ்டிக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். அது மஞ்சளடித்து உப்புப் படிந்து கிடக்கிறது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது, அதிக நேரம் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன பயணத்தில் உட்கார்ந்து ஓட்டியபோது ஒரு வலை மிதவை கண்ணில் படவே இல்லை. கயிறு புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டது, நான் கத்தியோடு இறங்கி அறுத்தேன். அன்று முழுக்கத் தன் தவறு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தவறு அவளுடையது அல்ல, அந்த இருக்கையுடையது.

மரைன் பிளைவுட்டில் 20 செ.மீ. உயரப் பெட்டி செய்து, இப்போதுள்ள இருக்கையின் மேல் திருகிவிடலாம் என்று நினைக்கிறேன். போதுமா? வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

அளவுகள்: காக்பிட் (உட்கார்ந்து ஓட்டும் பள்ளமான இடம்) தரையிலிருந்து இருக்கை 45 செ.மீ., அவள் உட்கார்ந்தால் அதற்கு மேல் கண் 70 செ.மீ., ஸ்ப்ரேஹூட்டின் உச்சி தரையிலிருந்து 135 செ.மீ., இருக்கையிலிருந்து அதுவரை 3 மீட்டர். காக்பிட் தரை தண்ணீருக்கு மேல் 50 செ.மீ.


கெடா காற்று பதில்:

சார், 20 செ.மீ. போதாது. நீங்கள் தந்த அளவுகளையே கூட்டிப் பாருங்கள். 45, 20, 70 மூன்றும் சேர்ந்தால் 135. அக்காவின் கண்ணும் ஸ்ப்ரேஹூட்டின் உச்சியும் ஒரே மட்டத்தில் வந்துவிடும். வானம் தெரியும், முன்னாலுள்ள தண்ணீர் தெரியாது. 30 செ.மீ. உயர்த்தினால் கண்ணிலிருந்து கிட்டத்தட்ட 58 மீட்டருக்கு அப்பால்தான் தண்ணீர் கண்ணில் படும். 40 செ.மீ. என்றால் அது 31 மீட்டராகக் குறைந்துவிடும். வெறும் பத்து செ.மீ.க்கு இவ்வளவு வித்தியாசம். ஐந்து நாட் என்பது வினாடிக்கு இரண்டரை மீட்டர், அந்த 27 மீட்டர் பத்து வினாடிக்கு மேல் வரும். மிதவையைப் பார்த்துச் சக்கரத்தைத் திருப்ப அது போதும்.

செய்வதற்கு முன் ஐஸ் பெட்டி, பலகை எதையாவது அடுக்கி அக்காவை உட்கார வைத்துப் பாருங்கள். கட்டியிருக்கும் இடத்திலேயே பார்க்கலாம். கண் மட்டத்திலிருந்து ஸ்ப்ரேஹூட் உச்சிக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் எல்லாம் தெரிந்துவிடும். முழங்கால் சக்கரத்தில் இடிக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.


பழைய தச்சன் பதில்:

அண்ணே, படகுப் பட்டறையில் இருபது வருஷம் இருந்தவன் சொல்கிறேன். 40 உயர்த்தினால் இருக்கை தரையிலிருந்து 85 வரும். கால் தொங்கும். தொடையின் அடியில் விளிம்பு அழுத்தி அரை மணியில் மரத்துப்போகும், அந்த முழங்காலுக்கு அது ஆகவே ஆகாது. இருக்கைக்கு 40 செ.மீ. கீழே கால் வைக்க ஒரு கட்டை கட்டாயம் வேண்டும். குறுக்கே ஒரு குழாய் போட்டாலும் சரி.

அதைவிட முக்கியம் முதுகு. படகின் பின்பக்கக் கம்பி வேலி டெக்கிலிருந்து (மேல்தளத்திலிருந்து) 60 செ.மீ. இருக்கும். உங்கள் டெக் காக்பிட் தரையிலிருந்து ஒரு 45 உயரம் என்று வைத்தால், வேலியின் உச்சி 105. இருக்கையோ 85. உட்கார்ந்தவருக்குப் பின்னால் இருபதே செ.மீ. தடுப்பு! ஒரு அலை தூக்கிப் போட்டால் மல்லாந்து கடலில் விழ வேண்டியதுதான். ஆகவே 316 ரக (கடல் உப்பைத் தாங்கும்) ஸ்டெயின்லெஸ் குழாயில் இருக்கைக்கு மேல் 45 செ.மீ. வரை முதுகுச்சட்டம் வையுங்கள். அதை வேலியில் தொங்கவிடாமல் டெக்கில் போல்ட் போட்டு, அடியில் தகடு கொடுத்து முறுக்குங்கள். பாதுகாப்புக் கயிறு மாட்ட ஒரு வளையமும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இருக்கைப் பலகையைத் தட்டையாகச் செய்யாதீர்கள். படகு சாயும்போது வழுக்கும். இரண்டு ஓரமும் நாலைந்து செ.மீ. மேலே வளைந்திருந்தால் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அண்ணி நேராக உட்காரலாம். மெத்தைக்கு சாதாரண ஃபோம் வேண்டாம், தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும். நீர் புகாத ஃபோம் கேட்டு வாங்குங்கள். பிளைவுட் ஓரங்களை எபாக்சி பிசின் வைத்து மூன்று தடவை அடைக்காமல் பெயின்ட் அடித்துவிடாதீர்கள், அழுகுவது ஓரத்தில்தான் தொடங்கும்.


பாயார் தீவுக்குத் தெற்கே பதில்:

சார், தயவுசெய்து பெட்டியைத் திருகிவிடாதீர்கள். இதற்காகத்தான் எழுதுகிறேன்.

நானும் இப்படித்தான் ஒரு பெட்டி செய்து நன்றாக எட்டு ஸ்க்ரூ போட்டு இறுக்கினேன். லங்காவிக்குத் தெற்கே உள்ள பூலாவ் பாயார் தீவைத் தாண்டித் தெற்கே வரும்போது சக்கரத்திலிருந்து சுக்கானுக்குப் போகும் வயர் அறுந்தது. அவசரத்துக்கு சுக்கான் தண்டின் தலையில் நேராக மாட்டும் கைப்பிடி என்னிடம் இருந்தது. அதை மாட்டும் துளை எங்கே? என் புதுப் பெட்டிக்கு அடியில். ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்ற இருபது நிமிஷம். ஒரு இழுவைப் படகு பார்ஜோடு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. கடைசியில் அவர்கள்தான் விலகிப் போனார்கள். நான் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்த கையோடு நடுங்கிக்கொண்டு நின்றேன்.

உங்கள் இருக்கைக்கு அடியிலும் அந்தத் துளையின் மூடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சமையல் கேஸ் சிலிண்டர் அறையும் பல படகுகளில் அங்கேதான். அதன் அடியிலிருந்து கடலுக்குப் போகும் வடிகால் துளையை அடைத்துவிடாதீர்கள். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் படகுக்குள்ளேயே தங்கிவிடும். இப்போது என் இருக்கை இரண்டு இழுப்புத் தாழ்ப்பாளில் நிற்கிறது. இரண்டையும் இழுத்தால் பத்து வினாடியில் கையோடு வந்துவிடும். வருஷத்துக்கு ஒரு முறை அந்தக் கைப்பிடியை மாட்டிப் பழகியும் பார்க்கிறோம்.


லுமுட் வாத்தியார் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை படகுக்குப் போய்ப் பார்த்தேன். சுக்கான் மூடி இருக்கைக்கு நேர் கீழேதான் இருக்கிறது. அப்படியே நின்றுவிட்டேன். கேஸ் அறை இடது பக்கம் தனியாக இருக்கிறது, அது பிரச்சினையில்லை.

பிறகு ஐஸ் பெட்டியின் மேல் இரண்டு பலகை வைத்து 38 செ.மீ. வரும்படி அவளை உட்கார வைத்தேன். காலுக்கு ஒரு கவிழ்த்த வாளி. முழங்கால் சக்கரத்தின் கம்பிகளை லேசாகத் தொட்டது, இருக்கையை ஒரு சாண் பின்னால் தள்ளினால் சரியாகிவிடும். அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. எதிரே மிதந்து போன ஒரு தேங்காயைக் காட்டி, "அதோ அது கூடத் தெரிகிறது" என்றாள்.

முதுகுச்சட்டத்துக்கு ஈப்போவில் ஒரு வெல்டரிடம் நாளை அளவு கொடுக்கிறேன். பழைய தச்சன் அண்ணே, கால் கட்டையை சக்கரம் நிற்கும் தூணில் மாட்டலாமா, அல்லது இருக்கையோடு சேர்த்தே செய்வது நல்லதா? கழற்றும்போது அதுவும் கூடவே வந்துவிட்டால் வசதி என்று தோன்றுகிறது.


பழைய தச்சன் பதில்:

இருக்கையோடே சேர்த்துச் செய்யுங்கள் அண்ணே. தூணுக்குள் வயரும் சங்கிலியும் ஓடுகிறது, அங்கே துளை போட வேண்டாம். கட்டையை மடக்கும்படி கீல் வைத்தால் நீங்கள் உட்காரும்போது இடைஞ்சலாக இருக்காது. உங்கள் கால் நீளம் வேறு, அண்ணியின் கால் நீளம் வேறு, அளவு அவரை உட்கார வைத்தே எடுங்கள்.