இராவணன் மீசையைப் பிடுங்கத்தான் வேண்டுமா?

கரமடிக்காரன்:
குமரி மாவட்டத்தில் மணக்குடி முதல் தேங்காய்ப்பட்டணம் வரை, மணல் எஞ்சியிருக்கும் கரைகளில் இராவணன் மீசைப் புல்லை வேரோடு அகற்றிவிட வேண்டும் என்பது என் கருத்து. வலை காயப்போட்ட மணலுக்கு அதன் முள்ளுருண்டை உருண்டு வந்து சிக்கிக்கொண்டால், கண் கண்ணாகப் பிரித்தெடுப்பதற்குள் பொழுது போய்விடுகிறது. அவசரப்பட்டு இழுத்தால் வலை கிழிகிறது. இலை நுனியும் ஊசிதான். வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

நாஞ்சிலான்:
அண்ணாச்சி, இந்தப் புல்லில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. நீங்கள் குறை சொல்லும் உருண்டை பெண் செடியில் மட்டுமே வருகிறது. முற்றியதும் ஒடிந்து காற்றோடு உருண்டு, போகும் வழியில் விதையை உதிர்ப்பது அதன் இயல்பு. அதற்கு முன்பே உருண்டைகளைக் கொய்துவிட்டால் வலைக்குக் கேடில்லை, செடியைப் பிடுங்க வேண்டிய தேவையும் இல்லை. செடியோ மணலின் மேல் நீண்டு ஓடி, கணுவுக்குக் கணு வேர் விடுகிறது. காற்று கொண்டுவரும் மணல் மூட மூட, புதைந்த கணுக்களிலிருந்தே புதிதாக வேரும் தளிரும் விட்டு மேலே எழும்புகிறது. அப்படி உயர்ந்த மேடுதான் ஆனி, ஆடிக் காற்று மணலை வாரி வீட்டு முற்றத்தில் கொட்டாமல் தடுத்து நிற்கிறது.

கரமடிக்காரன்:
2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது குளச்சலில் எந்தப் புல் கடலைத் தடுத்தது? ஆடிக் கடல் அடித்தால், மேடு செங்குத்தாக அறுபட்டு வேர்கள் நூல்நூலாகத் தொங்குவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். எங்களுக்கு வேண்டியது கற்சுவரும், கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பான தூண்டில் வளைவும்.

நாஞ்சிலான்:
சுனாமியைப் புல் தடுக்கும் என்று நான் எழுதவில்லை. அறுபட்ட மணலில் பெரும்பகுதி கரையை ஒட்டிய கடலடியிலேயே கிடந்து, கடல் தணிந்த மாதங்களில் திரும்பி வருகிறது. அதைப் பிடித்து மேடாக்குவதற்குத்தான் புல் வேண்டும். கற்சுவர் எழுப்பிய இடங்களில் அலை மோதித் திரும்பும்போது சுவரடி மணலையும் அரித்துக்கொண்டு போவதால், பிறகு வலை காயப்போடவே மணல் இருப்பதில்லை. சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது: 2011, 2019 ஆகிய இரு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகளும் மணல்மேடுகளை மிகுந்த பாதுகாப்புக்குரிய முதல் வகையில் வைத்துள்ளன.

கரமடிக்காரன்:
உருண்டையைக் கொய்ய ஆள் யார் வருவார்? வள்ளம் ஏற்றும் வழியும் வலை காயும் இடமும் எங்களுக்கு வெறும் மணலாகவே வேண்டும். மற்ற இடங்களில் மண்வெட்டி வைக்க வேண்டாம் என்றால் அதற்கு மறுப்பில்லை. ஆனால் புல்லைக் காரணம் காட்டித் தூண்டில் வளைவுக் கோரிக்கையைத் தள்ளிப்போடுவதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.