வீட்டில் சிக்கன் நக்கெட்ஸ்: எண்ணெயில் போட்டதும் மேல்தூள் கழன்றுவிடுகிறது, ஏன்?

வெண்மதி_கோவை கேட்டது:

வணக்கம். பாக்கெட் நக்கெட்ஸ் வாங்குவதை நிறுத்திவிட்டு வீட்டிலேயே செய்யப் பார்க்கிறேன். இப்போதைய முறை இது: அரை கிலோ எலும்பில்லாத நெஞ்சுக்கறியைக் கழுவி, இஞ்சி பூண்டு விழுது, ஒரு பெரிய வெங்காயம், உப்பு, மிளகுத்தூள் போட்டு மிக்ஸியில் நைசாக அரைக்கிறேன். உருட்டித் தட்டி, முட்டையில் முக்கி, ரஸ்க் தூளில் புரட்டி உடனே பொரிக்கிறேன். மேல்தூள் பாதி கழன்று எண்ணெயில் மிதக்கிறது. வெளியே கருத்துவிடுகிறது, நடுவில் வேகவில்லை. வெந்த துண்டும் ரப்பர் மாதிரி இழுக்கிறது. எங்கே மாற்ற வேண்டும்? ஏர் ஃப்ரையரும் இருக்கிறது. அளவோடு சொன்னால் நல்லது.

அடுப்படி_செல்வி:

வெண்மதி, தூள் கழல்வதற்குக் காரணம் ஈரம். கழுவிய கறியில் தண்ணீர், வெங்காயத்தில் தண்ணீர், விழுதில் தண்ணீர். ஈரமான கறி மேல் முட்டை பிடிக்காமல் வழுக்கும். எண்ணெயில் விழுந்ததும் அந்தத் தண்ணீர் ஆவியாகி, மேல்தூளை உள்ளிருந்து தள்ளிக் கழற்றிவிடும். முட்டைக்கு முன்னால் ஓர் உலர்ந்த மாவுப் படலம் இருந்தே ஆக வேண்டும். நீங்கள் விட்டது அதைத்தான்.

அரை கிலோ கறிக்கு மூன்று தட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதல் தட்டில் மைதா 60 கிராம், கார்ன்ஃப்ளார் 40 கிராம், உப்பு அரை டீஸ்பூன். இரண்டாவதில் 2 முட்டையோடு ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீர், நூல் நூலாக நிற்காதபடி நன்றாக அடித்தது. மூன்றாவதில் பிரெட் தூள் 150 கிராம். மாவில் புரட்டியதும் தட்டி உதறுங்கள். மாவு திட்டாக நின்றால் அந்தத் திட்டோடு மேல்தூளும் உரிந்து வரும். முட்டையில் முக்கியெடுத்துச் சொட்டு நிற்கும் வரை பிடித்திருந்து, பிறகு தூளில் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். நான்கு பக்க ஓரங்களையும் பாருங்கள். மேலும் கீழும் தூள் ஒட்டியிருக்கும், ஓரம் மட்டும் வெறுமையாக இருக்கும். எண்ணெய் உள்ளே நுழைவதும் தூள் உரியத் தொடங்குவதும் அங்கேதான். மாவுக்கும் தூளுக்கும் ஒரு கை, முட்டைக்கு மறு கை என்று பிரித்துக்கொண்டால் விரல் நுனியில் உருண்டை பிடிக்காது.

முக்கியமான ஒன்று: புரட்டியதை உடனே பொரிக்காமல் 15 நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மாவு முட்டையின் ஈரத்தை இழுத்துப் பசையாகி இறுகும்.

ரஸ்க் தூள் வேண்டாம். கட்லெட்டுக்குச் சரி, ஏனென்றால் அதில் உள்ளே இருப்பது ஏற்கெனவே வெந்தது, நிறம் வந்தால் போதும். ரஸ்க்கில் சர்க்கரை இருப்பதால் பச்சைக் கறி வேகும் முன்பே சிவந்துவிடும். இனிப்பில்லாத சாண்ட்விச் பிரெட்டை உதிர்த்து, வாணலியில் சிறு தீயில் நிறம் மாறாமல் ஈரம் போகும் வரை புரட்டி ஆறவைத்துப் பொடித்தால் போதும். ரொம்ப நைசாக வேண்டாம், ரவையைவிடப் பெரிதாக இருக்கட்டும். சர்க்கரை சேர்க்காத கார்ன்ஃப்ளேக்ஸ் கிடைத்தால் கையால் நொறுக்கி மூன்றில் ஒரு பங்கு கலந்துகொள்ளுங்கள், மொறுமொறுப்பு கூடுதல் நேரம் நிற்கும். கடையில் ஆரஞ்சு நிறத்தில் வரும் தூளில் நிறத்தை வைத்து வெந்ததா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

கறிக்கடைத்_தெரு:

செல்வி அக்கா மேல்பக்கத்தைச் சொல்லிவிட்டார், நான் உள்பக்கத்தைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பேக்கர் 1963-ல் இதற்கு முன்னோடியான சிக்கன் ஸ்டிக் செய்தபோது அவர் முன் இருந்ததும் இந்தத் தொல்லைகள்தான்: தோல் இல்லாமல் அரைத்த கறி உதிராமல் நிற்க வேண்டும், மேல்மாவு கழலக் கூடாது. கறியில் உப்பும் வினிகரும் சேர்த்துப் புரதத்தைப் பிசுபிசுப்பாக்கினார், பிடிப்புக்குப் பால் பவுடரும் தானிய மாவும் கலந்தார். பிறகு உறையவைத்து, மாவு பூசி, மறுபடி உறையவைத்தார். வீட்டிலும் நமக்குக் கைகொடுப்பது உப்பும் குளிரும்தான்.

நெஞ்சுக்கறி 350 கிராம், தொடைக்கறி 150 கிராம் வாங்குங்கள். தொடையில் இருக்கும் கொழுப்புதான் சாறு. கழுவினால் வடிகட்டியில் கால் மணி நேரம் விட்டு, துணியால் ஒற்றி எடுங்கள். இரண்டு செ.மீ. துண்டாக்கி 20 நிமிடம் ஃப்ரீசரில் வைத்து, ஓரம் விறைத்ததும் மிக்ஸியில் இரண்டு பாகமாகப் போட்டு விட்டு விட்டுச் சுற்றுங்கள். தொடர்ந்து ஓடவிட்டால் பிளேடு சூட்டில் கொழுப்பு உருகிப் பிரியும், கறி களியாகும். நைசாக அரைத்துப் பிசைந்த கறி வெந்ததும் ரப்பராகத்தான் இழுக்கும். பட்டாணி அளவுத் துணுக்குகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

ஓரம் நீக்கிய ஒரு பிரெட் துண்டை 2 டேபிள்ஸ்பூன் பாலில் ஊறவைத்து மசித்துச் சேருங்கள். உப்பு 6 கிராம், அதாவது தலை தட்டி ஒரு டீஸ்பூன். மிளகுத்தூள் அரை டீஸ்பூன், பூண்டுத்தூள் ஒரு டீஸ்பூன், எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன். பச்சை வெங்காயம் வேண்டாம். இஞ்சியும் வேண்டாம்: அதில் புரதத்தைச் சிதைக்கும் நொதி இருக்கிறது, கலவையை ஊறவிட்டால் கறி கூழாகும். ஒரு நிமிடம் கையால் கலந்தால் போதும். ஒரு கைப்பிடியை உள்ளங்கையில் அப்பிக் கவிழ்த்தால் விழாமல் ஒட்டி நிற்க வேண்டும், அதோடு நிறுத்துங்கள்.

உருட்டித் தட்டவும் வேண்டாம். பட்டர் பேப்பர் விரித்த தட்டில் 24-க்கு 20 செ.மீ. அளவில், 1.2 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, 40 நிமிடம் ஃப்ரீசரில் வைத்து, 4 செ.மீ. சதுரமாக வெட்டினால் 30 துண்டு வரும். கனம் ஒரே மாதிரி இருப்பதால் எல்லாம் ஒன்றாக வேகும். நடுவில் வேகாத தொல்லை பெரும்பாலும் கனத்தால் வருவது.

எண்ணெய் 170 முதல் 175 டிகிரி. ஒரு லிட்டருக்கு ஒரு தடவை ஆறு துண்டுக்கு மேல் போடாதீர்கள், சூடு இறங்கிவிட்டால் தூள் எண்ணெய் குடிக்கும். வெப்பமானி இல்லையென்றால் ஒரு செ.மீ. பிரெட் துண்டைப் போட்டுப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் பொன்னிறமாக வேண்டும். அரை நிமிடத்திலேயே சிவந்தால் தீயைக் குறையுங்கள். முதல் ஒரு நிமிடம் கரண்டியால் தொடாதீர்கள். மூன்றரை முதல் நான்கு நிமிடத்தில் சலசலப்பு அடங்கிக் குமிழ் சிறிதாகும். ஒன்றை வெட்டிப் பாருங்கள், நடுவில் ரோஸ் நிறம் கூடாது. நடுச்சூடு 74 டிகிரி வந்திருந்தால் சந்தேகமே இல்லை. உதிர்ந்த தூளை ஒவ்வொரு தடவையும் அரித்துவிடுங்கள், அது கருகி அடுத்த ஈட்டில் ஒட்டும்.

எடுத்ததும் கம்பித் தட்டில் வையுங்கள். பேப்பரில் குவித்தால் அடியில் ஆவி தங்கி, பத்து நிமிடத்தில் நமத்துவிடும்.

மோர்ப்பந்தல்:

அரைக்கவே வேண்டியதில்லை என்பது என் கருத்து. முழுத்துண்டு நக்கெட்ஸில் கறியின் நார் பல்லுக்குத் தெரியும், ரப்பர் பிரச்சினை வராது. 500 கிராம் நெஞ்சுக்கறியை நாருக்குக் குறுக்கே ஒன்றரை செ.மீ. கனத்தில் வெட்டுங்கள். கெட்டி மோர் 200 மி.லி., உப்பு 8 கிராம், மிளகாய்த்தூள் ஒரு டீஸ்பூன் கலந்து நான்கு மணி நேரம் ஃப்ரிட்ஜில் ஊறட்டும். அதிகப் புளிப்பு மோர் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், மேற்பரப்பு மாவு மாதிரி ஆகிவிடும். மோரை வழித்துவிட்டு, செல்வி சொன்ன மூன்று தட்டு முறையே. மோர் சொட்டச் சொட்ட மாவில் போட்டால் மறுபடி அதே கழலும் கதைதான்.

கறிக்கடைத்_தெரு:

பெரியவர்களுக்கு முழுத்துண்டு நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பல் முளைத்துவரும் பிள்ளைகளுக்கு அரைத்ததுதான் மெல்ல எளிது. உறையவைத்துப் பொரிப்பதற்கும் அதுதான் வசதி.

அவன்_அனிதா:

ஏர் ஃப்ரையருக்கு ஒரு மாற்றம் மட்டும். பச்சைத் தூளைப் போட்டால் கறி வெந்தும் தூள் வெளுத்தே இருக்கும், நிறத்துக்காகக் காத்திருந்தால் கறி வறண்டுவிடும். 150 கிராம் தூளில் 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய் கலந்து, சிறு தீயில் இளம் பொன்னிறம் வரும் வரை முன்கூட்டியே வறுத்து ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். கூடையை 200 டிகிரியில் சூடாக்கி, துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் ஒரே அடுக்காக அடுக்கி, 8 முதல் 10 நிமிடம், பாதியில் ஒரு தடவை திருப்புங்கள். அவனில் 220 டிகிரி, கம்பித் தட்டின் மேல், 15 நிமிடம். எண்ணெயில் பொரித்த அதே மொறுமொறுப்பு வராது. ஆனால் தூளை இப்படி வறுத்துச் செய்தால் கிட்டத்தட்ட வரும்.

வெண்மதி_கோவை:

எல்லோருக்கும் நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. மொத்தமாகச் செய்து ஃப்ரீசரில் வைக்கலாமா, பள்ளி டிபன் பாக்ஸுக்கு ஆகுமா? முட்டை சேர்க்காத விருந்தாளிக்கு என்ன செய்வது?

அடுப்படி_செல்வி:

முட்டைக்குப் பதில்: மைதா 40 கிராம், கார்ன்ஃப்ளார் ஒரு டேபிள்ஸ்பூன், தண்ணீர் 100 மி.லி. பஜ்ஜி மாவைவிடத் தளர்வாக, விரலில் மெல்லிய படலமாக நிற்கும் பதம் வரட்டும். கெட்டியாக இருந்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீர்.

உறையவைக்க, தூள் புரட்டிய துண்டுகளை ஒட்டாமல் தட்டில் பரப்பி மூன்று மணி நேரம் ஃப்ரீசரில் விட்டு, கல்லாக இறுகியதும் பையில் போட்டுக் காற்றை அழுத்தி மூடுங்கள். ஒரு மாதம் வரை சுவை குறையாது. பொரிக்கும்போது உருகவிடாதீர்கள், உருகினால் ஈரம் கசிந்து தூள் ஊறிப்போகும். ஃப்ரீசரிலிருந்து நேராக 160 முதல் 165 டிகிரி எண்ணெயில், நான்கு துண்டாக, ஐந்தாறு நிமிடம். முன்பு சொன்ன 175 டிகிரியில் போட்டால் வெளியே சிவந்து உள்ளே பனிக்கட்டியாக இருக்கும். பையின் மேல் "பச்சைக் கறி" என்று எழுதி ஒட்டுங்கள். கடை நக்கெட்ஸில் பல வகை ஏற்கெனவே வெந்தது, சூடாக்கினால் போதும். அந்தப் பழக்கத்தில் வீட்டில் யாராவது லேசாகச் சூடாக்கிச் சாப்பிட்டுவிடக் கூடாது.

டிபன் பாக்ஸ் பற்றி: நம் வெயிலில் கறியை மதியம் வரை மூடி வைப்பதை நான் சொல்லமாட்டேன். இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுகிற மாதிரி, காலை இடைவேளைக்குக் கொடுத்தனுப்புங்கள். கம்பித் தட்டில் ஆவி முழுவதும் போனபின் மூடுங்கள், அடியில் ஒரு டிஷ்யூ போடுங்கள். சாஸைத் தனிச் சிமிழில் வையுங்கள்.